37 வாக்கும் 4 வாக்கும்: டேவிட் லப்பார்த்தியானின் பொதுவாழ்வு

கேட்கப்பட்ட கேள்வி இது: யூசிஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியத்தின் தலைவர் டேவிட் லப்பார்த்தியான் பெயர் பெற்ற பந்தய வீரர் அல்லர், பிரான்சில் ஒரு கடற்கரை ஊரின் மேயராக இருந்தவர். அவர் இந்தப் பதவிக்கு எப்படி வந்தார், வந்தபின் செய்தது என்ன, உள்ளூர் அரசியலையும் உலக விளையாட்டு நிர்வாகத்தையும் ஒரே ஆள் சுமப்பது முறைதானா?

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் மேயர் வேலையை விட்டுவிட்டு விளையாட்டு நிர்வாகத்துக்குப் போகவில்லை. மேயர் வேலை செய்யும் முறையையே விளையாட்டுக்குள் கொண்டுபோனார். வாக்குள்ள ஒவ்வொருவரையும் நேரில் பார்ப்பது, பகிர்ந்து கொடுக்கக்கூடியதைப் பகிர்ந்து கொடுப்பது, ஊருக்கு ஒரு விழாவைக் கொண்டுவருவது, பகையை எல்லை தாண்ட விடாமல் வைத்திருப்பது ஆகியவைதான் அந்த முறை. தேசியச் சங்கங்களின் வாக்கு முடிவு செய்யும் இடங்களில் அது மிக நன்றாக வேலை செய்தது. அதிகாரம் அந்த வாக்குகளுக்கு வெளியே, அதாவது அணி முதலாளிகளிடமோ உதிரிபாக நிறுவனங்களிடமோ ஒலிம்பிக் குழு உறுப்பினர்களிடமோ இருந்த இடங்களில் அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. கீழே வருவனவெல்லாம் இதற்கான விளக்கமே.

மேயர் என்றதும் நம் மனத்தில் மாநகராட்சியும் அங்கியும் தங்கச் சங்கிலியும் வந்துவிடும். பிரான்சில் அப்படியில்லை. ஏறக்குறைய 35,000 உள்ளாட்சிகள் அங்கே உண்டு. முந்நூறு பேர் வாழும் ஊருக்கும் மேயர் உண்டு. பொறுப்பின் அளவைப் பார்த்தால் நம் ஊராட்சித் தலைவருக்கும் பேரூராட்சித் தலைவருக்கும் இடைப்பட்ட ஒருவர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரசியல் ஏணியில் அது கடைசிப் படி அல்ல. அமைச்சராக வளர்ந்த பலரும் அந்தப் படியில் கால் வைத்தவர்களே. லப்பார்த்தியான் 1973 மே 31 அன்று பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ் பகுதியில், மோர்பியான் மாவட்டத்தின் பொந்திவி நகரில் பிறந்தார். நில அளவைத் துறையில் பொறியாளராகப் பயிற்சி பெற்றவர். வலதுசாரி அணியைச் சேர்ந்தவர். 2008இல், இன்னும் 35 வயது நிறையாத நிலையில், அதே மாவட்டத்தின் ரூயிஸ் தீபகற்பத்தில் உள்ள சார்ஸோவுக்கு மேயரானார். பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் நிலையாக வாழும் ஊர் அது. கோடையில் கடலாட வருபவர்களால் பல மடங்கு பெருகும். எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதுதான் அத்தகைய ஊரின் நிரந்தர வழக்கு. நில அளவை தெரிந்தவர் அங்கே மேயராவதில் வியப்பில்லை.

பிரெத்தாஞ் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. பிரான்சைச் சுற்றும் சைக்கிள் பந்தயமான டூர் டி ஃபிரான்ஸை ஐந்து முறை வென்று கடைசியாக 1985இல் பிரான்சுக்குப் பட்டம் தேடித்தந்த பெர்னார் ஈனோ அந்த மண்ணின் பிள்ளை. அதாவது, அவருடைய ஐந்தாவது வெற்றிக்குப் பிறகு எந்தப் பிரெஞ்சு ஆணும் அதை வென்றதில்லை. மோர்பியானில் உள்ள ப்ளூயே என்ற சிற்றூர் 2000ஆம் ஆண்டிலேயே உலகச் சாலைச் சாம்பியன் போட்டியை நடத்தியிருக்கிறது. அங்கே சைக்கிள் பந்தயம் என்பது தொலைக்காட்சி நிகழ்ச்சி அல்ல. கோயில் திருவிழா போல ஊர்க்கமிட்டி, நன்கொடை, தெருவடைப்பு, மாலையில் விருந்து என்று நடக்கும் காரியம். அந்தக் கமிட்டிகளை நடத்துபவர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பதால், சைக்கிள் நிர்வாகமும் அரசியலும் அங்கே தனித்தனிப் பாதைகள் அல்ல.

மேயரான மறு ஆண்டே, 2009இல், அவர் பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனத்தின் தலைவரானார். 2017 வரை அந்தப் பதவியில் இருந்தார். பாரிசுக்கு மேற்கே சான்-காந்தான்-ஆன்-இவ்லின் என்ற இடத்தில் தேசிய வெலோட்ரோம், அதாவது உள்ளரங்கச் சைக்கிள் ஓடுதளம், 2014இல் திறக்கப்பட்டது இந்தக் காலத்தில்தான். பத்தாண்டு கழித்து ஒலிம்பிக் நடந்தபோது ஓடுதளப் போட்டிகள் அங்கேயே நடந்தன. 2013இல் ஐரோப்பியச் சைக்கிள் ஒன்றியத்தின் தலைமையும், யூசிஐயின் துணைத் தலைமையும் அவருக்குக் கிடைத்தன. அதே ஆண்டு ஃபுளோரன்சில் நடந்த தேர்தலில் பிரையன் குக்சன் 24க்கு 18 என்ற கணக்கில் பாட் மக்வெய்டைத் தோற்கடித்து யூசிஐ தலைவராகியிருந்தார். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து விவகாரத்தில் அந்த அமைப்பின் பெயர் நாறிப்போயிருந்த நேரம் அது; குக்சன் வந்தது வீட்டைக் கழுவிவிடுவதற்காக.

ஐரோப்பியச் சைக்கிள் ஒன்றியத்தின் தலைவராக லப்பார்த்தியான் செய்த ஒரு காரியத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஐரோப்பியச் சாலைச் சாம்பியன் போட்டி அதுவரை இளையோருக்கானதாக இருந்தது. முதல்நிலை ஆண்களையும் பெண்களையும் அதில் சேர்ப்பது என்று முடிவாகி, 2016 செப்டம்பரில் நீஸ் நகரில் நடத்த ஏற்பாடாயிற்று. ஜூலை 14 அன்று அந்நகரத்தின் கடற்கரைச் சாலையில் கனரக வண்டி ஏற்றிப் பலரைக் கொன்ற தாக்குதலுக்குப் பிறகு, நீஸ் விலகிக்கொண்டது. இரண்டே மாத அவகாசத்தில் போட்டி எங்கே போனது? மோர்பியானில் உள்ள ப்ளூமெலெக்குக்கு. கடூதால் ஏற்றத்தின் உச்சியில் பீட்டர் சகான் வென்றார். நான்கு ஆண்டு கழித்துக் கொரோனா காரணமாக இத்தாலியின் திரெந்தீனோ அந்தப் போட்டியைத் தள்ளிப்போட்டபோது, 2020 ஆகஸ்டில் அது நடந்த இடம் ப்ளூயே. அதுவும் மோர்பியான்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பந்தயம் நடத்தித் தேர்ந்த ஊர்களிடம்தான் அவசரத்துக்குப் போக முடியும். ஆனால் யாருடைய தொலைபேசி அழைப்பை அந்த ஊர்களின் மேயர்கள் உடனே எடுப்பார்கள் என்பதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

அடுத்தது 2017. யூசிஐ தேர்தல் எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் அந்த ஆண்டு நடந்தது விளங்கும். 1900இல் பாரிசில் தொடங்கப்பட்டு, இப்போது சுவிட்சர்லாந்தின் ஏகில் நகரில் இயங்கும் இந்த அமைப்பில், தேசியச் சம்மேளனங்கள் நேரடியாகத் தலைவருக்கு வாக்களிப்பதில்லை. கண்டவாரியாகப் பிரதிநிதிகள் வாக்களிக்கிறார்கள்: ஐரோப்பாவுக்கு 15, ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு ஒன்பது ஒன்பதாக 27, ஓசியானியாவுக்கு 3, மொத்தம் 45. ஒரு பேரூராட்சி மன்றத்தைவிடச் சற்றே பெரிய வாக்காளர் தொகை. உலகக் கோப்பைகளும் கோடிக்கணக்கான ரசிகர்களும் இருக்கட்டும். வெற்றி 23 பேரின் கையில் இருக்கிறது. அந்த 23 பேரையும் பெயர் சொல்லி அறிந்தவரே வெல்வார்.

குக்சனுக்கு அப்போது நேரம் சரியில்லை. அவர் முன்பு தலைமை தாங்கிய பிரிட்டிஷ் சைக்கிள் சங்கம் வீராங்கனைகளை நடத்திய விதம் குறித்தும், டீம் ஸ்கை அணிக்கு அனுப்பப்பட்ட ஒரு மருந்துப் பொட்டலம் குறித்தும் லண்டனில் விசாரணைகள் ஓடிக்கொண்டிருந்தன. சைக்கிளுக்குள் மோட்டாரை மறைத்து ஓட்டும் மோசடியைக் கண்டுபிடிக்க யூசிஐ பயன்படுத்திய கைக்கணினிச் சோதனை போதுமானதுதானா என்று தொலைக்காட்சிகள் கேட்டன. ஆனாலும் பதவியில் இருக்கும் தலைவர் ஒரே தவணையோடு வீட்டுக்குப் போவார் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. 2017 செப்டம்பர் 21 அன்று நார்வேயின் பெர்கன் நகரில் எண்ணிப் பார்த்தபோது, லப்பார்த்தியானுக்கு 37, குக்சனுக்கு 8. ஒரு நடப்புத் தலைவர் இப்படி அடிபடுவது பேச்சுத் திறமையால் நிகழ்வதில்லை. அதற்கு முன் மாதக்கணக்கில் செய்த பயணங்களால் நிகழ்வது. 1957 வரை தலைவராக இருந்த அஷில் ஜுவானாருக்குப் பிறகு, அறுபது ஆண்டு கழித்து, ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த நாற்காலிக்கு வந்தார்.

உட்கார்ந்த மூன்றாம் மாதமே நெருப்பு பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தின்போது டீம் ஸ்கை அணி வீரர் கிறிஸ் ஃபுரூமிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமால் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது என்ற செய்தி டிசம்பரில் பத்திரிகைகளில் கசிந்தது. அது முழுத் தடையுள்ள மருந்து அல்ல. மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராம் வரை இருக்கலாம். அவருடைய மாதிரியில் ஏறக்குறைய அதன் இருமடங்கு. இத்தகைய மருந்துகளுக்குத் தானாக இடைநீக்கம் கிடையாது. வழக்கு முடியும்வரை வீரர் ஓடலாம். சட்டம் இப்படி இருக்க, லப்பார்த்தியான் அணியே ஃபுரூமை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஃபுரூம் ஒதுங்கவில்லை, 2018 மே மாதம் இத்தாலிச் சுற்றுப் பந்தயத்தை வென்றார். ஜூலை 2 அன்று, டூர் தொடங்க ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், யூசிஐ வழக்கை முடித்து அவரைக் குற்றமற்றவர் என்றது. தலைவர் வாயால் ஒன்றும் அமைப்பின் கோப்பு வேறொன்றும் சொன்ன சங்கடம் அது.

அந்த ஜூலையில்தான் டீம் ஸ்கையின் தலைவர் டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டு, இவருக்கு இன்னும் பிரெஞ்சு உள்ளூர் மேயரின் புத்திதான் இருக்கிறது என்ற பொருளில் ஏளனம் செய்தார். அதை அவமதிப்பாகத்தான் சொன்னார். கேட்டவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ அது வர்ணனையாகப் படுகிறது. வழக்கின் நடுவில் வாய் திறந்தது உள்ளூர்த் தலைவரின் பழக்கம். ஊரில் ஏதேனும் நடந்தால் கருத்துச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. 37 வாக்குகளைச் சேர்த்ததும் அதே பழக்கம்தான்.

முதல் தவணையின் நிர்வாக வேலைகள் பாராட்டத்தக்கவை. மறைந்த மோட்டாரைத் தேட 2018இல் எக்ஸ்ரே கருவி வந்தது. டிராமடால் என்ற வலிமருந்து தலைச்சுற்றலையும் அதனால் விபத்தையும் உண்டாக்கும் என்று சொல்லி, 2019 மார்ச் 1 முதல் யூசிஐ அதைத் தன் பந்தயங்களில் தடை செய்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அதே முடிவுக்கு வர 2024 ஜனவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், 2022 டூரில் ஆறாவதாக முடித்த நைரோ கின்டானா இந்த விதியின் கீழ் அந்த இடத்தை இழந்தார். பெண்களின் முதல்நிலை அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2020இல் 15,000 யூரோவாகத் தொடங்கி, 2023இல் 32,102 யூரோவாக, ஆண்களின் இரண்டாம் நிலை அணிகளுக்கு இணையாக உயர்ந்தது. அதற்கு முன் குறைந்தபட்சம் என்று ஒன்றே இருக்கவில்லை. இவருடைய பெயர் நிலைக்கப் போவது இந்த ஒரு காரியத்தாலாக இருக்கலாம். கொரோனா ஆண்டில் டூர் ஆகஸ்ட் 29க்குத் தள்ளப்பட்டு நடந்ததும், சுவிட்சர்லாந்தில் நடக்க இருந்த உலகச் சாம்பியன் போட்டி ரத்தாகி, சில வாரங்களுக்குள் இத்தாலியின் இமோலாவில் நடந்ததும் ப்ளூமெலெக்கில் பழகிய கையின் வேலை.

2021 ஜூனின் கடைசி வாரத்தை நாள் நாளாகப் பார்க்க வேண்டும். இரண்டு பொதுவாழ்வுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வாரம் அது. ஜூன் 26, சனிக்கிழமை: டூர் டி ஃபிரான்ஸ் பிரெத்தாஞ்சின் பிரெஸ்ட் நகரில் தொடங்கியது. ஜூன் 27, ஞாயிற்றுக்கிழமை: பிரான்ஸ் முழுவதும் மாவட்டக் கவுன்சில் தேர்தலின் இரண்டாம் சுற்று. ஜூன் 28, திங்கட்கிழமை: மோர்பியானுக்குள் லோரியானிலிருந்து பொந்திவிக்கு மூன்றாம் கட்டப் பந்தயம், பொந்திவி, லப்பார்த்தியான் பிறந்த ஊர். ஊர் கொண்டாட வேண்டிய அந்தப் பிற்பகலில் வீரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஜெரைன்ட் தாமசின் தோள்மூட்டு விலகியது. பிரிமோஷ் ரோக்லிச் சாலையில் உரசி, உடல் முழுதும் கட்டுகளோடு மறுநாள் வந்தார். கடைசி நேர விரைவோட்டத்தில், முடிவுக் கோடு கண்ணில் தெரியும் தூரத்தில், கேலப் யூவன் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். வென்ற டிம் மெர்லியேயின் பெயரை அன்று யாரும் பேசவில்லை.

வழக்கமான விதிப்படி, கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தவருக்கு நேர இழப்பு கணக்கிடப்படாது. பொந்திவியின் சாலை இறக்கமும் நெரிசலும் தெரிந்து, முடிவுக் கோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே நேரத்தைக் குறித்துவிடுங்கள் என்று வீரர்கள் தரப்பில் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். கோரிக்கை ஏற்கப்படவில்லை. மறுநாள் காலை ரெதோன் நகரில் பந்தயம் தொடங்கியதும் அத்தனை வீரர்களும் சைக்கிளை நிறுத்தி, ஒரு நிமிடம் போல நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, லப்பார்த்தியான் மோர்பியான் மாவட்டக் கவுன்சிலின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேயர் பதவியையும் மாவட்டத் தலைமையையும் ஒருவரே வைத்திருக்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தராது. எனவே பதின்மூன்று ஆண்டு இருந்த சார்ஸோ மேயர் பதவியை விட்டார். யூசிஐ பதவியை விட வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் அந்தச் சட்டம் எண்ணுவது அரசியல் பதவிகளை மட்டுமே. செப்டம்பரில் பெல்ஜியத்தின் லூவன் நகரில் போட்டியின்றி இரண்டாம் முறை யூசிஐ தலைவரானார்.

பொந்திவியின் கோரிக்கை மூன்று ஆண்டு கழித்து ஏற்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூனில் சுவிட்சர்லாந்துச் சுற்றுப் பந்தயத்தில் ஜீனோ மேடர் மலை இறக்கத்தில் விழுந்து இறந்த பிறகு, அணிகள், வீரர்கள், அமைப்பாளர்கள், யூசிஐ ஆகிய நால்வரும் சேர்ந்த பாதுகாப்பு அமைப்பு ஒன்று வடிவம் பெற்றது. 2024 டூரின் சில கட்டங்களில் மூன்று கிலோமீட்டர் எல்லை ஐந்தாக நீட்டிப் பார்க்கப்பட்டது. ஆபத்தாக ஓட்டுவோருக்குக் கால்பந்தைப் போல மஞ்சள் அட்டை 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆப்பிரிக்காவின் வாக்குகள் ஒன்பது என்றேன். அந்தக் கண்டத்தில் ஒருமுறைகூடச் சாலை உலகச் சாம்பியன் போட்டி நடந்ததில்லை. 2025இல் அது நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, 2021இல் ருவாண்டாவின் கிகாலி நகருக்கு அளித்தார்கள். 2025 தொடக்கத்தில் ருவாண்டா ஆதரவு பெற்ற எம்23 படை கிழக்குக் காங்கோவின் கோமா நகரைப் பிடித்தது. பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம், ருவாண்டா போக்கை மாற்றாவிட்டால் போட்டியை ரத்து செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. யூசிஐ அசையவில்லை. செப்டம்பரில் கிகாலியின் கற்கள் பதித்த ஏற்றங்களில் லட்சக்கணக்கில் மக்கள் கூடினார்கள், 267.5 கிலோமீட்டர் ஆண்கள் பந்தயத்தை முடித்தவர்கள் 30 பேர், வென்றவர் தாடே பொகாச்சர். போர் நடத்தும் அரசுக்கு மேடை கொடுத்தது சரியா என்ற கேள்வி அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கரைந்துவிடக்கூடியதல்ல. அதே சமயம், ஐரோப்பாவில் நடக்கும்போது மட்டும் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்று ஆப்பிரிக்கச் சம்மேளனங்கள் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வாரமே, செப்டம்பர் 25 அன்று, கிகாலியில் லப்பார்த்தியான் மீண்டும் போட்டியின்றித் தேர்வானார். தவணை 2029 வரை.

ஒலிம்பிக் பக்கம் இதற்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் யூசிஐ தலைவர் என்ற முறையில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். 2023 மே மாதம் பிரெஞ்சு ஒலிம்பிக் குழு உட்பூசலில் சிக்கி, அதன் தலைவர் பிரிஜித் ஆன்ரிக் விலகியபோது, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 14 மாதமே இருந்தது. ஜூன் இறுதியில் அந்த நாற்காலிக்கும் லப்பார்த்தியான் வந்தார். சண்டை போடும் குடும்பத்தில் பெரியவராக உட்கார்ந்து பேசி முடிப்பது அவருக்குக் கைவந்த கலை, குழு அமைதியாயிற்று. 2024 ஜூலையில், பிரான்சில் முறையான அரசே இல்லாமல் காபந்து அரசு இருந்த வேளையில், 2030 குளிர்கால ஒலிம்பிக்கை ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குப் பெற்றுத்தந்தார்கள். குடியரசுத் தலைவர் மக்ரோன் நேரில் வந்து உறுதி சொல்ல வேண்டியிருந்தது. போட்டியில் பிரான்ஸ் 16 தங்கத்தோடு 64 பதக்கம் வென்றது. ஆண்கள் பிஎம்எக்ஸ் பந்தயத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் பிரெஞ்சு வீரர்களுக்கே போயின. மூன்று தொப்பிகளை ஒரே தலையில் வைத்திருந்தவருக்கு அதைவிட இனிய மாலை வாய்த்திருக்காது.

அங்கிருந்து அடுத்த படி இயல்பாகத் தோன்றியிருக்க வேண்டும். தாமஸ் பாக் விலகுவதையொட்டி, 2025 மார்ச் 20 அன்று கிரீசில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் தேர்தலில் ஏழு பேர் நின்றார்கள். 97 வாக்குகளில் கிர்ஸ்டி கவன்ட்ரி முதல் சுற்றிலேயே 49 பெற்று வென்றார். சமராஞ்ச் இளையவருக்கு 28, செபஸ்டியன் கோவுக்கு 8. லப்பார்த்தியானுக்கு 4.

பெர்கனில் 45இல் 37 வாங்கியவருக்கு இங்கே 97இல் 4 ஏன்? என் கணிப்பு இது: ஒலிம்பிக் குழு பிரதிநிதிகளின் மன்றம் அல்ல, தனித்தனி ஆட்களின் மன்றம். இளவரசர்கள், முன்னாள் பதக்க வீரர்கள், தொழிலதிபர்கள் அங்கே உறுப்பினர்கள். அவர்களுக்கு ஒரு சாம்பியன் போட்டியையோ பயிற்சி மையத்தையோ கொடுத்து நன்றி சம்பாதிக்க வழியில்லை. மூன்றே ஆண்டு உறுப்பினரான ஒருவர், அதுவும் கவன்ட்ரி பாக்கின் விருப்பத்துக்குரியவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த போட்டியில், எண்ணுவதற்கு வாக்கு எங்கே இருந்தது? மின்விளையாட்டு, அதாவது கணினி விளையாட்டு, ஒலிம்பிக்குக்கான குழுவுக்கு அவர் தலைமை தாங்கி, 2024இல் சவுதி அரேபியாவோடு 12 ஆண்டு உடன்பாடு காண வைத்ததும் உதவவில்லை. அந்த உடன்பாடே 2025 அக்டோபரில் முறிந்துபோனது. 2025 ஜூனில் பிரெஞ்சு ஒலிம்பிக் குழுத் தலைமையை அமேலி ஊதேயா-காஸ்தெராவிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார்.

சவுதிப் பணம் என்றதும் இன்னொன்று. சில அணிகள் சேர்ந்து, சவுதி முதலீட்டோடு, பந்தய வருமானத்தைத் தாங்களும் பங்கிட்டுக்கொள்ளும் புதிய தொடர் ஒன்றைத் திட்டமிட்டன. ஒன்சைக்கிளிங் என்பது அதன் பெயர். கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் தொலைக்காட்சிப் பணத்தில் அணிகளுக்குப் பங்கு உண்டு. சைக்கிளில் கிடையாது, அமைப்பாளருக்கே போகிறது, அணி வாழ்வது விளம்பரதாரர் தயவில். எனவே அணிகளின் குறை உண்மையானது. 2025 ஜூனில் யூசிஐ நிர்வாகக் குழு கூடி, இத்திட்டம் தன் விதிகளோடு பொருந்தவில்லை, விளையாட்டுக் கோணத்திலும் சீராக இல்லை என்று நிராகரித்தது. குழு கூடிய இடம் ஏகில் அல்ல. மோர்பியானில், சார்ஸோவை அடுத்த ஆர்ஸோன். அடுத்த மாதம் பெண்கள் டூர் டி ஃபிரான்ஸ் தொடங்கியதும் மோர்பியானின் தலைநகரான வான் நகரில்தான். முதல் நாள் முடிந்த இடம், மீண்டும், ப்ளூமெலெக்.

நிராகரிப்பது எளிது, ஒத்துழைப்பு வாங்குவது அந்த ஆண்டு எளிதாக இருக்கவில்லை. 2024 செப்டம்பரில் சூரிச் உலகப் போட்டியில் மூரியல் ஃபூரர் என்ற 18 வயது சுவிஸ் வீராங்கனை மழையில் காட்டுப்பாதையோரம் விழுந்து, நெடுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, மறுநாள் இறந்தார். அதன் பிறகு சைக்கிளில் இருப்பிடம் காட்டும் கருவி வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இருந்தும் 2025 ஆகஸ்டில் பெண்கள் ரோமாண்டி சுற்றுப் பந்தயத்தில் அதைச் சோதிக்க முனைந்தபோது, அணிக்கு ஒருவரைக் கருவி சுமக்கத் தாங்களே தேர்ந்து சொல்ல ஐந்து அணிகள் மறுத்தன. யூசிஐ அந்த ஐந்தையும் தொடங்கும் முன்பே வெளியேற்றியது. உயிர்காக்கும் கருவிக்காக நடந்த சண்டை என்று நம்புவது கடினம். அந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்பதுதான் அடியில் இருந்த வழக்கு. அக்டோபரில் இன்னொரு சறுக்கல். வேகத்தைக் குறைக்க, ஒருமுறை மிதித்தால் சைக்கிள் 10.46 மீட்டருக்கு மேல் நகரக்கூடாது என்ற கியர் வரம்பைச் சீனாவின் குவாங்சி பந்தயத்தில் சோதிக்க ஏற்பாடாயிற்று. பத்துப் பல் சக்கரம் செய்யும் ஸ்ராம் நிறுவனம், இந்த வரம்பு தன் பொருளை மட்டும் தள்ளிவைக்கிறது என்று பெல்ஜியத்தின் வணிகப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் விதியை நிறுத்திவைத்தது. 45 பிரதிநிதிகளில் எவருக்கும் அங்கே வாக்கில்லை.

இனி, முறைதானா என்ற கேள்வி. சட்டப்படி தடையில்லை என்பதால் மட்டும் முறையாகிவிடாது. மாவட்டக் கவுன்சில் பள்ளிக் கட்டடம், சாலை, முதியோர் உதவி என்று பொதுப்பணத்தைச் செலவிடும் மன்றம். பந்தயங்களுக்கு மானியம் தருவதும் அதுவே. பந்தயங்களின் நாட்காட்டியையும் தரத்தையும் தீர்மானிக்கும் அமைப்பின் தலைவரும் அவரே என்றால், தருபவரும் பெறுபவரும் ஒரே மேசையில் ஒரே ஆளாக அமர்ந்திருக்கிறார்கள் என்ற தோற்றம் வந்தே தீரும். தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை; டூர் எங்கே தொடங்கும் என்பதை முடிவு செய்வது யூசிஐ அல்ல, பந்தயத்தை நடத்தும் தனியார் நிறுவனம். ஆனால் மோர்பியான் தொடர்பான எந்த முடிவிலும் அவர் விலகி இருந்தார் என்பது கூட்டக் குறிப்புகளில் எழுதப்பட்டு எல்லோர் பார்வைக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை. நேரம் போதுமா என்ற கேள்வி எனக்குச் சிறியது. 2023இலிருந்து 2025 வரை யூசிஐ, பிரெஞ்சு ஒலிம்பிக் குழு, மாவட்டக் கவுன்சில் ஆகிய மூன்றுக்கும் அவர் ஒருவரே தலைவர். மூன்றிலும் கோப்புகள் நகர்ந்தன. பதவி கூடக் கூட, அவர் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய சிக்கல். ரோமாண்டியில் வெளியேற்றப்பட்ட அணிகளும், கியர் வழக்கில் வென்ற நிறுவனமும், பொந்திவிக்கு மறுநாள் சாலையில் நின்ற வீரர்களும் கேட்டது ஏறக்குறைய ஒன்றையே: விதி எழுதும் மேசையில் எங்களுக்கும் ஓர் இருக்கை. அந்த இருக்கைகளைப் போட 2029 வரை அவருக்கு நேரம் இருக்கிறது.